புதுப் பாட்டில் வார்த்தையே இல்லையாம்

என் அன்புக்கும், கொஞ்ச நாளாக என் சந்தேகத்துக்கும் உரியவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்கள் அறையில் தங்கியிருக்கும் பெயின்டர் அண்ணன் ஊருக்கு வந்த விடுமுறை முடிந்து அங்கே கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் அனுப்பினால் நம் வாயாடி மகள் உங்களுக்கு முன்னால் படித்துவிடுவாள். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஆள் வைத்துச் சரி செய்தாயிற்று. மருந்துக்கடையில் எனக்கு இப்போது காலை வேலை. மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. வினையே அந்தப் பாட்டில்தான் ஆரம்பித்தது.

போன மாதம் அவள் தனக்கு ரொம்பப் பிடித்த புதுப் பாட்டு ஒன்றை உங்களுக்கு அனுப்பினாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இதெல்லாம் ஒரு பாட்டா? டமடமன்னு அடிக்கிற சத்தம்தான் இருக்கு. பாடுறவன் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறான், வார்த்தை ஒண்ணாவது புரியுதா? எங்க காலத்துப் பாட்டுல ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தா விழும்." பிள்ளை முகம் தொங்கிப்போய்விட்டது. அப்புறம் அந்தப் பாட்டை நானும் போட்டுக் கேட்டேன். வார்த்தையெல்லாம் பளிச்சென்று கேட்கிறது. தூரத்தில் இருப்பவனை நினைத்து ஒருத்தி பாடுகிறாள். ஆமாம், பாடுவது பெண். நீங்களோ "பாடுறவன்" என்றீர்கள்! கேட்காமலேயே திட்டியிருக்கிறார் மனுஷர் என்று அன்றைக்கு எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. போனில் பேசினால் சீக்கிரம் வைத்துவிடுகிறீர்கள். எதற்கெடுத்தாலும் "மெசேஜ் போடு, மெசேஜ் போடு" என்கிறீர்கள். அங்கே மழையா என்று கேட்டால் சாப்பிட்டாச்சு என்கிறீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கே எவளோ ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள், கவனமெல்லாம் அவள் மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். அழவும் அழுதேன். பெயின்டர் அண்ணன் வந்ததும் அவரைத் துருவித் துருவிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அட நீ வேற தங்கச்சி, அவரு பழைய பாட்டு போட்டார்னா செவுரே அதிருது. அவர் பக்கத்துல எவ உக்காருவா? சத்தத்தைக் குறைங்கன்னு ரூமே சண்டை போடுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மருந்துக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் சிலர், மாத்திரை எப்போது போடணும் என்று நான் சொன்னால், "வாயத் திறந்து பேசும்மா" என்று என்னையே திட்டுவார்கள். தன் காது மந்தம் என்று ஒருத்தர்கூட ஒத்துக்கொண்டதில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் உங்கள் உயிரான பழைய பாட்டை வீடியோ காலில் பாடிக் காட்டினாளே, அது நான் சொல்லிக் கொடுத்தது. மெட்டு அதேதான், வார்த்தை முழுக்க மாற்றிவிட்டேன். நிலவும் தென்றலும் வருகிற இடத்தில் உங்கள் தொப்பையையும் குறட்டையையும் வைத்தேன். நீங்கள் கண்ணை மூடி ரசித்துவிட்டு, "ஆஹா, பாட்டுன்னா இது பாட்டு! வார்த்தை ஒண்ணொண்ணும் முத்து!" என்றீர்கள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பழைய பாட்டு உங்களுக்கு மனப்பாடம், காது கேட்காவிட்டாலும் ஞாபகம் பாடிவிடும். புதுப் பாட்டுக்குக் காது வேண்டாமா? அந்தக் காலத்திலும் குப்பைப் பாட்டு மூட்டை மூட்டையாக வந்தது, நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். அந்தச் சண்டையை ஆற அமரப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கம்பெனியில் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின் இறங்குவதற்கு முன் மணி அடிக்கும், மணி கேட்டதும் கையை எடுத்துவிடுவோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஒரு நாள் வீடியோவில் விரலில் கட்டுப் போட்டிருந்தீர்களே, கதவிடுக்கில் நசுங்கியது என்றீர்கள். அதையும் அண்ணனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதை அவர்கிட்டயே கேட்டுக்கம்மா" என்றார். கேட்கிறேன். அன்றைக்கு மணி அடித்ததா, இல்லையா? உங்களுக்குக் கேட்டதா?

காது விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போனால் போகட்டும், என் சம்பளம் இருக்கிறது. நாளைக்கே மேஸ்திரியிடம் உள்ளதைச் சொல்லி அந்த மெஷினை விட்டு நகருங்கள். வேறு வேலை தரமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லையா, அதுபோல் காதுக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் குடியா முழுகிவிடும்? எனக்குக் கோபம் இல்லை. பொய், நிறைய இருக்கிறது. ஆனால் திட்டுவதற்கு நீங்கள் முழுசாக வந்து சேரவேண்டும்.

பதிலில் எனக்குச் சமாதானம் எதுவும் வேண்டாம். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று மட்டும் எழுதுங்கள். இனி அந்தப் பக்கமே படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கை கால்கள் பத்திரமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் வீட்டுக்காரி