கரிஞான் தொட்டியும் ஒரு மெழுகுதிரியும்

அன்பான சூசை அண்ணைக்கு,

வாற ஞாயிறு உங்களுக்கு இரண்டாம் வருஷத் திருப்பலி. நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் தம்பி ஜெறோம் மூன்று தரம் வந்து போய்விட்டான். "கடைசியா அண்ணையோட நிண்டது நீங்கள்தானே, நீங்கள் எழுதினாத்தான் சரி" என்கிறான்.

ஹம்பேர்க்கில் குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் கோப்பை கழுவிய உணவகத்தில் இப்போது நான்தான் கழுவுகிறேன். தென் பிரான்சிலிருந்து, லாங்டொக்கிலிருந்து வருகிற வைன் போத்தல்கள் முடிந்ததும் வெந்நீரில் ஊறவைத்து, லேபலைக் கழற்றி, சுவரில் ஒட்டிக் காயவைப்பீர்களே! முதலாளி அப்போது சிரித்தார். இப்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் போகிறார்.

கலியாணம் பேசுகிற ஆள் மாதிரி ஒவ்வொரு திராட்சைக்கும் குணம் சொல்வீர்கள். சிரா முந்திப் பழுக்கிறவள். கிரனாஷ் நல்ல இனிப்பு, ஆனால் நிறம் காணாது. சன்சோவைத் தனியக் குடித்தால் தண்ணீர். கரிஞான் பிடிவாதக்காரி, எல்லோருக்கும் பிந்தித்தான் வருவாள், காம்பு விடாமல் விரலை நோகப்பண்ணுவாள். உங்களுக்கு அவளைத்தான் பிடிக்கும். ஹம்பேர்க்கை விட்டுப் போக அனுமதியில்லாத அகதிக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்க, திராட்சை பிடுங்க ஆள் சேர்க்கிற ஒருவரின் வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள்.

கரிஞானை அங்கே நசுக்குவதில்லை. குலை குலையாகச் சீமெந்துத் தொட்டியில் போட்டு மூடுவார்கள். வைனை வடித்த பிறகு அடியில் கிடக்கிற தோலை அள்ள ஒரு ஆள் ஏணியால் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு முதல் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் பழம் புளித்து வந்த நச்சுக் காற்று உள்ளே நிற்கிறது, இறங்கக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும் அண்ணை. எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டீர்கள். நான் அன்று காலைதான் தோட்டத்திலிருந்து தொட்டி வேலைக்கு வந்தவன்.

மெழுகுதிரியை என் கையில் தந்து, இறக்கிப் பார் என்று சொல்லிவிட்டு நீங்கள் சப்பாத்து மாற்றப் போனீர்கள். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு புனிதரின் படம் தொங்கியது. எங்கள் ஊரில் புது வள்ளத்துக்கும் புதுக் கிணற்றுக்கும் மெழுகுதிரி பிடிப்பதில்லையா, அப்படி ஒன்று என்றுதான் நினைத்தேன். இறக்கினேன், அணைந்தது. புனிதருக்கு முன்னால் மெழுகுதிரி அணைந்தால் எங்கள் சனம் ஆளை ஆள் பார்க்கும். எனக்கும் மனம் பொறுக்கவில்லை. தூக்கியெடுத்து, திரும்பக் கொளுத்தி, இனி அணையாமல் இருக்கட்டும் என்று படத்தடியில் வைத்தேன்.

நீங்கள் குனிந்து சப்பாத்தை இழுத்தபடியே கேட்டீர்கள்.

"எரியுதோ?"

"ஓம் அண்ணை, எரியுது."

சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். கீழே நீங்கள் விழுந்த சத்தம் கேட்டு இரண்டு தரம் கூப்பிட்டேன். அந்த மெழுகுதிரி மட்டும் கடைசிவரை நின்று எரிந்தது.

பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் அந்த மெழுகுதிரி எதற்கென்று எனக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். ஆனால் வெளியில் எல்லோரும் உங்களுக்கு நெஞ்சு வருத்தம், மாரடைப்பு என்றார்கள். நானும் தலையாட்டினேன். கள்ளமாகப் போனவர்கள் நாங்கள், பொலிஸ் என்றாலே பயம். ஹம்பேர்க்குக்கு வந்தும் எல்லோரிடமும் அதையே சொன்னேன். அந்தப் பயம் எப்போது வெட்கமாக மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது வான்காரர் திரும்ப வந்திருக்கிறார். எல்லையில் முன்னைப் போல மறிப்பதில்லையாம். கரிஞானை வடிக்கப் போகிறார்களாம், தொட்டிக்கு ஆள் வேணுமாம். திருப்பலி முடிந்த கையோடு ஜெறோம் போகிறான். அங்கேயிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த உங்கள் சப்பாத்தை நேற்றுப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. போகாதே என்று சொன்னேன். அண்ணைக்குத்தானே நெஞ்சு வருத்தம், எனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தான். பிறகு பையிலிருந்து கோயிலில் மந்திரித்த மெழுகுதிரி ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"அண்ணை விழுந்த தொட்டிக்குள்ள நான் இறங்கி, அந்த இடத்தில இதைக் கொளுத்தோணும்."

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? அவன் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் நல்ல குணங்களை மட்டும் எழுதிய மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இன்று பின்னேரம் வந்து வாங்குவான். அச்சுக்குக் கொடுக்க முதல், வாசலில் வைத்தே முழுதாக வாசிக்கச் சொல்லுவேன். ஒரு வரியும் மாற்றமாட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னை அடிக்கட்டும், சனம் என் முகத்தில் முழிக்காமல் போகட்டும். அவன் அந்தத் தொட்டிக்குள் இறங்கமாட்டான். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

"எரியுது" என்று சொன்ன
உங்கள் கூட்டாளி,
அன்ரன்