அன்று அங்கே வெயில் அடித்தது

புதுப் பஞ்சின் வாசனை மொட்டைமாடி முழுக்க நிறைந்திருக்கிறது. அம்மாவுக்காகத் தைக்கச் சொன்ன ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, காலையில் வெயிலில் விரித்துவிட்டு வந்தேன். இதற்குப் போய் ஒரு மடலா என்று நீ சிரிப்பாய். நீ போனதிலிருந்து, இருபது குளிர்காலங்களுக்கு மேலாக, அம்மா கனமாக எதையும் போர்த்திக்கொண்டதில்லை.

லேக் கார்டன்ஸில் நவம்பர் முடிவதற்குள் எல்லா வங்காளிகள் தலையிலும் குரங்குக் குல்லாய் ஏறிவிடும். அம்மா மட்டும் பழைய நூல் புடவை ஒன்றை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். கேட்டால், "அவன் பனியில கெடந்தான்டி" என்பாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார். அவர் காலமான பிறகு நான் கத்திப் பார்த்தேன். பலிக்கவில்லை.

நீயோ எந்தக் குளிரிலும் போர்வையை உதைத்துத் தள்ளுகிறவன். பவானிபூர் வீட்டில் நாம் ஒரே கட்டிலில் படுத்த காலத்தில், விடிந்து பார்த்தால் உன் போர்வையும் என் மேல்தான் கிடக்கும். "எனக்குக் குளிராதுக்கா" என்பாய், மூக்கு ஒழுக ஒழுக.

போரில் நீ இறந்ததைச் சொல்லி வந்த கடிதத்தில் நான்கே வரிகள். எந்த நேரத்தில், எப்படி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் இல்லை. மிச்சத்தை நானே கற்பனை செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் போன தடவையைவிட மோசமாக.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய உன் வயதுக்காரர் ஒருவர் மகளோடு வாசலில் வந்து நின்றார். பாங்குராக்காரர், உன்னோடு சிக்னல் பிரிவில் இருந்தவர். மகளைப் பாலிகஞ்சில் ஒரு கல்லூரியில் சேர்த்திருக்கிறாராம். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"இதுக்கு முன்னாடி மூணு தடவை கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன், தீதி," என்றார் வங்காளியில். "அன்னிக்குப் போக வேண்டியது நான்."

மலை மேலிருந்த முகாமுக்குப் போகும் டெலிபோன் கம்பி, குண்டு விழுந்து அறுந்திருக்கிறது. சரிசெய்யப் போகும் முறை அவருடையது. அவருக்கோ கொதிக்கும் காய்ச்சல். நீ கம்பிச் சுருளை அவர் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "படுத்துக்கோ, வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாயாம். இதைச் சொல்லி முடித்ததும் அவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னிடம் மறைப்பானேன்? "அப்ப நீங்க..." என்று ஆரம்பித்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். ஐம்பது வருடமாகப் பேசியும் திருந்தாத தன் வங்காளியில், "ஜுரத்தோட யாராவது மலை ஏறுவாங்களா, பாபா? அவன் போனதுதான் சரி," என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "அன்னிக்கு அங்க ரொம்பக் குளிரான்னு நீயே கேளுடி. என்னால முடியல."

கேட்டேன். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"இல்ல மாஷிமா. நல்ல வெயில். ஒரு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் வானம் தெளிஞ்சுது. கோட்டுப் பொத்தானை எல்லாம் கழட்டி விட்டுட்டு, 'நம்ம ஊரு ஜனவரி வெயில்டா இது'ன்னு சிரிச்சான்."

அம்மா அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எழுந்துபோய் ரசத்தைச் சுட வைத்தாள். அந்தப் பெண்ணின் தட்டில் இரண்டாவது அப்பளத்தை வைத்து, "ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலேன்னா இங்க வந்துடணும்," என்றாள். அன்று சாயங்காலமே, "பெட்டியில இருந்த கம்பளியை எங்கடி வச்சே?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தால் பூச்சி அரித்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவரை வழியனுப்பக் கீழே போனபோது தனியாகக் கேட்டேன்: "அம்மாவுக்காகச் சொன்னீங்களா?"

"நிஜம்தான் தீதி. கூடாரத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். பாறைத் திருப்பம் வரைக்கும் போனான். அங்க நின்னு கையை ஆட்டினான். நான் பார்த்தது அவ்வளவுதான்."

இத்தனை வருடமும் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் நடந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் எனக்குக் காட்டாததை. இப்போது உன்னை நினைத்தால், தோளில் சுருளும் முதுகில் வெயிலுமாக நீ ஏறிப் போகிறாய். பாறையருகே நின்று கையை ஆட்டுகிறாய். நானும் ஆட்டுகிறேன். அதற்கு மேல் என் கண் போவதில்லை, தம்பி.