வத்தல் எடுக்காத பாஸ்போர்ட்

சிதம்பரம்,
14.9.2025, ஞாயிறு

அன்புள்ள இலக்கியாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் நடேஷ் மாமாவும் சுகம். நீங்கள் மூவரும் மஸ்கட்டில் சுகம் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். உன் வாயால் கேட்டு ஏழு வாரம் ஆகிறது. வாட்ஸப்பில் நீ என்னை ப்ளாக் செய்துவிட்டாய். முதல் இரண்டு நாள் அங்கே நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உன் அப்பாவோடு வேலை செய்கிற மணவாளன் லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிறார். நாளை மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உறையை ஒட்டித் தருவேன், இலக்கியா கையில் மட்டும் கொடுங்கள் என்று போனில் சொன்னேன். "என்னாங்க மேடம், காதல் கடுதாசி கணக்கா சொல்றீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வத்தல் நன்றாக இருக்கிறது. போன வாரம் விடைத்தாள் கட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, நான் இழுக்க இழுக்க நகங்களால் பிடித்துக்கொண்டது. "வுடு, பூனையே திருத்தட்டும். நாலு பசங்க கூட பாஸ் பண்ணுவான்" என்றார் மாமா. கடலூரிலிருந்து ராசம்மாள் கொடுத்தனுப்பிய தேவனாம்பட்டினத்துக் கருவாட்டை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்தேன். டப்பாவை மேடையிலிருந்து உருட்டி விட்டால் மூடி கழன்றுவிடும் என்று அது கண்டுபிடித்துவிட்டது. முன்பென்றால் இதை ஏழாவது வத்தல் கதைப் புத்தகத்துக்கு என்று குறித்து வைத்திருப்பேன். இப்போது குறித்துக்கொள்ளவில்லை.

சுற்றி வளைக்கிறேன். ஆறாவது புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீ செய்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு அப்போது ஆறரை வயது. பெரியவர்கள் பேசியதெல்லாம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியாது.

2020 பிப்ரவரி. உன் அப்பா லீவு முடிந்து சனிக்கிழமை மத்தியானம் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அன்றைக்கு அஷ்டமி. டிக்கெட்டை மாற்ற முடியாது. அதனால் உன் அம்மா பரஸ்தானம் வைக்கலாம் என்றாள். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், கொண்டுபோகிற பொருளில் ஒன்றை முன்னதாகவே நல்ல நேரம் பார்த்து அடுத்த வீட்டில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். வியாழக்கிழமை காலையில் உன் அப்பாவின் கைப்பை இரண்டு வீடு தள்ளியிருந்த ராசம்மாள் வீட்டுக்குப் போனது. வெறும் துணி மட்டும் போனால் ஆள் போனதாகுமா என்று யோசித்து, உன் அம்மா கடைசியில் பாஸ்போர்ட்டையும் அதில் வைத்தாள். "இதானே மெயினா போறது" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. வழியனுப்ப நானும் வந்திருந்தேன். கேலியாக ஏதோ சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பையை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பார்த்தால் பாஸ்போர்ட் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலில் முதலில் வாயைத் திறந்தவள் நான். "பாஸ்போர்ட்ட கொண்டுபோயி அடுத்த வீட்டுல வெக்கச் சொல்லி எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு மதுரா?" என்றேன். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் ஒரு திருப்தி கூட இருந்தது. உன் அப்பா அதையே பிடித்துக்கொண்டான். "படிச்சவ, எங்கக்கா கேக்கறா பாரு, பதில் சொல்லு" என்றான். ராசம்மாள் தன் வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றி அணைத்து, தான் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதுப் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அந்த வேலையும் போயிற்று. ஒன்றரை வருடம் உன் அப்பா வீட்டிலேயே இருந்தான். பால் பொங்கி வழிந்தால், சாவி காணாமல் போனால், "என்னா, பரஸ்தானம் வெச்சிட்டியா?" என்று கேட்பான். நான் அங்கே வந்திருந்தால், கேட்டுவிட்டு என் பக்கம் பார்ப்பான். நான் சிரிப்பேன். உன் அம்மா தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து நல்ல நேரம் படிப்பாள் அல்லவா, அதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. 2023-இல் நீங்கள் மஸ்கட் கிளம்பியபோது எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்டேன். "உங்க தம்பி எப்ப சொல்றாரோ அப்பதாங்க்கா" என்றாள்.

கொரோனா சமயத்தில்தான் இந்தப் பூனை இங்கே சிதம்பரம் வீட்டுக்குள் வந்தது. காய்ந்து கிடக்கிறது, வத்தல் மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்தவள் நீ. அதன் அட்டகாசத்தைக் கதையாக எழுதச் சொல்லி நச்சரித்தவளும் நீதான். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் குழந்தைகளுக்கு என்ன எழுதுவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதியதைப் படித்துக் காட்டினால் போதும், எங்கே அலுக்கிறது என்று நீ கொட்டாவி விட்டுக் காட்டிவிடுவாய். அந்த வரிகளை அடித்துவிடுவேன். ஐந்து புத்தகமும் அப்படித்தான் வந்தன.

2022 மே விடுமுறைக்கு நீ இங்கே வந்திருந்தாய். மத்தியானம் கரண்ட் இல்லை. வத்தல் எல்லாருடைய சாக்ஸிலும் ஒன்று ஒன்றாகத் திருடி ஒளித்து வைக்கிற கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "அத்தே, அப்பாவோட பாஸ்போர்ட்ட நான்தான் எடுத்தேன்" என்றாய். அந்த நீலக் கலர் புக்கு இல்லையென்றால் அப்பா போக முடியாது என்று அம்மா சொன்னாளாம். ராசம்மாள் வீட்டில் விளையாடப் போனபோது பையிலிருந்து எடுத்து, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் ஹாலோ பிளாக் சுவரில் ஓட்டைக்குள் போட்டுவிட்டாய். மறுநாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் இன்னொரு வரிசை கல் வைத்துவிட்டார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாத அத்தே. சாமி சத்தியமா?" என்று கையை நீட்டினாய். சொல்லமாட்டேன் என்று கையில் அடித்தேன்.

அதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அழுதுகொண்டிருந்தாய், நான் சிரித்தேன். சுவருக்குள் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது எவ்வளவு நல்ல கதை என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது. உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்து, உன் அம்மாவிடம் நான் பேசியது தவறு என்பது நினைவுக்கு வந்தது. அதைத் திருத்த வேண்டும் என்றால் உன் ரகசியம் வெளியே வந்துவிடும், குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. உண்மை என்னவென்றால், தெருவில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க எனக்கு மனமில்லை. உன் பெயரைச் சொல்லாமலே "நான் பேசியது தப்பு மதுரா" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

பிறகு ஆறாவது புத்தகம். வீட்டுக்காரர் ஊருக்குப் போகாமலிருக்க வத்தல் பரஸ்தானப் பைக்குள் புகுந்து அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து, ஹாலோ பிளாக்கில் போட்டுவிடுகிறது. பாஸ்போர்ட்டைக் கண்ணாடியாக மாற்றிவிட்டேன், நீயும் பூனையாகிவிட்டாய், இனி யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். பையையும் சுவரையும் மாற்றியிருக்கலாம். அவைதான் கதையில் நன்றாக இருந்தன, மாற்ற மனம் வரவில்லை.

இந்த ஒரு புத்தகத்தை மட்டும் உனக்குப் படித்துக் காட்டவில்லை. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உனக்குப் பரீட்சை என்று மாமாவிடம் காரணம் சொன்னேன். ஐந்தாவதைப் போனிலேயே படித்துக் காட்டியவள் நான். அப்படியென்றால் செய்வது இன்னதென்று தெரிந்துதான் செய்திருக்கிறேன் இலக்கியா. தெரியாமல் நடந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஜூலையில் புத்தகம் அங்கே வந்ததும் உன் அம்மா கூப்பிட்டாள். "ஏங்க்கா, பை விஷயத்தையும் வுடலியா நீங்க? அப்ப அன்னிக்கி எடுத்தது வத்தல்தானா?" என்று கேட்டுச் சிரித்தாள். "ஆமாம், அதேதான்" என்று நானும் சிரித்தேன். பின்னால் உங்கள் வீட்டில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து உன் படம் என் போனில் தெரியவில்லை.

ஆகஸ்டில் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைப் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூனைக்கு ராகுகாலம் தெரியுமா என்று ஒருவன் கேட்டான். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், பூன எடுத்துச்சு, சரி. திட்டு யாருக்கு வுழுந்துச்சு?" என்றாள். யாருக்கும் இல்லை என்றேன். "பூனையத் திட்ட மாட்டாங்க மிஸ். யாரையாச்சும் திட்டியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு படிக்க முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கதையை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். பூனைக்குப் பொருந்தவில்லை என்றேன். ஆனால் விற்றுப்போன புத்தகங்களை என்னால் திரும்ப வாங்க முடியாது.

உன் அப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை பேசினேன். பரஸ்தானம் என்ற வார்த்தையை இனி உன் அம்மாவிடம் கேலியாகச் சொல்லக் கூடாது, முதலில் சொன்னவள் நான், அது தவறு என்றேன். "என்னாக்கா திடீர்னு? கதை எழுதி எழுதி எமோஷனல் ஆயிட்டியா?" என்றான். மறுபடி சொன்னால் அவனோடு பேச மாட்டேன் என்றேன். சரி சரி என்றான். நீ கவனித்துக்கொள்.

நேற்று உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். உன் பெயரை எடுக்கவில்லை. உன்னிடம் கேட்காமல் எடுக்கவும் மாட்டேன். வாசலில் வைத்து அன்றைக்கு நான் கேட்ட கேள்வி தவறு, பாஸ்போர்ட் தொலைந்ததற்கு நீ காரணமில்லை மதுரா, அது தெரிந்த பிறகும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்பாள், என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

நீ பக்கத்தில் இல்லை என்று பார்த்து வந்தாள். பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். அதை யாரிடமும், முக்கியமாக உன்னிடம், சொல்லக் கூடாது என்று வாக்குக் கேட்டாள். கொடுத்தேன். சொல்ல மாட்டேன், எந்தப் பூனையின் பெயரிலும் எழுதவும் மாட்டேன். உனக்குச் செய்ததை அவளுக்கும் செய்ய மாட்டேன்.

அதனால் உன்னிடம் எழுத எனக்குக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது. தீபாவளிக்கு வருகிறீர்கள், நீ சிதம்பரம் வரமாட்டேன் என்கிறாயாம். வர வேண்டாம். என்னை ப்ளாக்கிலிருந்து எடுக்கவும் வேண்டாம். அவை உன் இஷ்டம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று. அப்பா டியூட்டிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த நீல புக்கைப் பற்றி நீயே சொல்லிவிடு. பயப்படாதே. ஏன் பயப்பட வேண்டாம் என்று எழுத எனக்கு அனுமதியில்லை. சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ளாமல் அவள் முகத்தைப் பார். அது மாறுகிறதா என்று பார்.

அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை,
தாட்சாயிணி