உமேஷின் மொட்டை

நவம்பர் 12, செவ்வாய்

பீகார்க்காரன் உமேஷ் ஊருக்குப் போய்விட்டு இன்று மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தான். அப்பா இறந்துவிட்டாராம். அவன் ஊரில் அப்பா போனால் மகன்கள் மொட்டை போடுவார்கள். என்னிடம் மட்டும் சொன்னான். அம்பத்தூரில் எங்கள் கம்பெனியில் இந்தி பேசும் தமிழன் நான் ஒருவன்தான். ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் வடநாட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்த பலன்.

சூப்பர்வைசர் பாஸ்கருக்குத் தெரிந்த மொட்டை ஒன்றே ஒன்றுதான், வேண்டுதல் மொட்டை. பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா நைனா, மொட்டையெல்லாம் போட்டுகினு வந்துகீற? சேகரு, வேண்டிகினது நடந்துச்சான்னு கேளு அவனை."

அதை எந்த வாயால் கேட்பது? "அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்குறார்" என்று இந்தியில் மாற்றிச் சொன்னேன். உமேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்கரைப் பார்த்துக் கை கூப்பினான்.

"பாத்தியா, சந்தோசத்துல அழுவுறான். இவனுங்ககிட்ட எப்டி பேசணும்னு எனக்குத்தான் தெரியும்."

விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாஸ்கர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும் என்றுகூட அந்த மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஆட்களை வைத்து வேலை வாங்குகிறான். ஒருவனிடமாவது ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பானா?

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். வடமாநிலத் தொழிலாளர்களோடு பழகுவது எப்படி என்று சனிக்கிழமை எல்லாருக்கும் வகுப்பாம். எடுப்பது பாஸ்கர். உதாரணத்துக்கு உமேஷை முன்னால் நிறுத்திக் காலையில் நடந்ததைச் சொல்லப்போகிறானாம்.

உமேஷுக்கு அதை இந்தியில் சொல்ல வேண்டியவன் நான்.