படகில் நாலாவது சீட்

மாதுங்கா, மும்பை
ஜூன் 14

செல்வி அம்முவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே ஆப்பிரிக்காவில், லிவிங்ஸ்டனில் நீயும், உன்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஃபோனில் விரலால் தமிழ் தட்டுவதற்குள் எனக்கு விடிந்துவிடுகிறது. அதனால் வழக்கம்போல் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். நீ எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பவள் என்பதால் பெரிய எழுத்தாகவே போட்டிருக்கிறேன். பாதியில் விட்டுவிட்டு, சரிப்பா டேக் கேர் என்று பதில் அனுப்பாதே.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நாலு தரம் படித்தாயிற்று. ஆகஸ்ட் கடைசி வாரம், ஸாம்பஸி ஆற்றங்கரையில் மூன்று நாள், சாயங்காலம் படகில் போய், தண்ணீர் குடிக்க வரும் யானைக் கூட்டத்தைப் பார்ப்பது. உனக்கு என்ன திடீரென்று இந்த யோசனை என்று எனக்குப் புரியவில்லை. மூன்று வருஷமாக, இங்கே வெயில், இப்போது வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. சரி, கூப்பிட்டாயே, அதுவே சந்தோஷம். எனக்கும் யானை என்றால் உயிர். உன்னை மூன்று வயதில் ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போய், யானையைப் பார்த்துக்கொண்டே உன் கையை விட்டுவிட்டேன். கடலைக்காரனிடம் நின்றுகொண்டிருந்தாய். அம்மா அதை இன்னும் வாரத்துக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது என் குழப்பங்கள். முதலாவது பை. சின்ன விமானத்தில் மெத்தென்ற பைதான் வேண்டும், சக்கரம் கூடாது, ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று போட்டிருக்கிறது. கடைகளில் எல்லாமே சக்கரம். கடைசியில் தாராவியில் பை தைக்கும் இசக்கிப்பாண்டியிடம் போனேன். இந்தக் காலத்துல சக்கரம் இல்லாத பைய யாரு கேக்கா அண்ணாச்சி, ஒங்கள ஆரும் ஏமாத்திட்டாங்களா என்று கேட்டான். யானை பார்க்கப் போகிறோம் என்றதும் அவனுக்கும் குஷி வந்து, கித்தான் துணியில் இரண்டு பை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இரண்டாவது, நீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாதாம். அந்த நிறங்களைத் தேடி ஒரு ஈ வந்து கடிக்குமாம். என்னிடம் இருப்பது மூன்று நீலப் பேண்ட், ஒரு கறுப்புப் பேண்ட். நான் என்ன வேட்டியோடு படகில் ஏறுவதா?

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். படகில் நாலு பேர் என்று எழுதியிருக்கிறது. நான், அம்மா, நீ. மூன்றுதானே? வி.டி. ரயில்வே ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்டரில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். ஆளை எண்ணுவதில் தப்பு வராது. யோசித்துப் பார்த்ததில், ஃபர்ஸ்ட் ஏசி கேபினில் நாலு பெர்த் இருப்பது மாதிரி அவர்களும் நாலு நாலாகத்தான் விற்பார்கள் போலிருக்கிறது. அப்படித்தானா என்று ஒரு வரி எழுது. நாலாவது சீட்டில் யாராவது குறட்டை விடுகிற வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன டிசம்பரில் மலேரியா என்று ஒரு மாதம் முகத்தையே காட்டாமல், வீடியோவை அணைத்து வைத்துப் பேசினாயே, அதை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. கொசுவலைக்குள் படு.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


மாதுங்கா
ஜூன் 30

செல்வி அம்முவுக்கு ஆசீர்வாதம். நாங்கள் க்ஷேமம் என்று எழுத வேண்டும். உடம்பளவில் க்ஷேமம்தான். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். நான் போன கடிதத்தில் கேட்ட நாலாவது சீட்டுக்கு நீ பதில் எழுதவில்லை. ஒரு யானை பொம்மையும் இரண்டு கூப்பிய கையும் அனுப்பியிருக்கிறாய். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விஷயம் என்னவென்றால் அம்மா வரமாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அம்மு. இந்த இரண்டு வாரமும் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். கான்வாஸ் ஷூ வாங்கி, தினமும் காலையில் ஃபைவ் கார்டன்ஸை இரண்டு சுற்று நடந்தாள். எதிர்வீட்டுப் பிரேமலதாவிடம் ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கா என்று சொல்லி, அந்தப் பெண்மணி இப்போது எங்களைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். டாக்டரிடமும் காட்டி, இந்த வயதில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாம் என்று எழுதி வாங்கியாயிற்று.

போன வியாழக்கிழமை ஃபோர்ட் ஏரியாவுக்கு ஊசி போடப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். பொழுது போகட்டும் என்று நீ அனுப்பிய யானைப் புத்தகத்தின் அச்செடுத்த தாள்களை அம்மா பையிலிருந்து எடுத்துப் படித்தாள். டெலிஃபோன்ஸில் வேலை பார்த்தவள், இங்கிலீஷ் என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஒரு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு, கிளம்புங்கோ, போலாம் என்று எழுந்தாள். எங்கள் முறைக்கு இன்னும் இரண்டே பேர்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, நான் வரலை, நீங்க போயிட்டு வாங்கோ என்று சொன்னாள். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை நானும் எடுத்துப் படித்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. பெண் யானை குட்டி போடும்போது அதன் தாயும் அக்கா தங்கைகளும் சுற்றி நின்றுகொள்ளும் என்று இருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது குட்டியை நடுவில் விட்டு, பெரிசுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகுமாம். நான் அம்மாவிடம், நம் படகு தள்ளித்தான் நிற்கும், குட்டி போட்ட யானை நம்மை ஒன்றும் செய்யாது என்று சமாதானம் சொன்னேன். யானைக்குத் தெரியறது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இதற்கு நான் என்ன அர்த்தம் செய்துகொள்வது?

இன்னொன்றும் சொல்கிறேன். ஊசிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசிவிட்டு வைத்ததும், பின்னாடி கொடியில் என்ன காயறது பார்த்தேளா என்று கேட்டாள். கைக்குட்டை மாதிரி சின்னச் சின்ன வெள்ளைத் துணி, பார்த்தேன் என்றேன். அவ்வளவு கைக்குட்டை எதுக்கு என்றாள். அங்கே புழுதி ஜாஸ்தி, சாக்பீஸ் தூள் வேறு, என்றேன். அப்புறம், நாலாவது ஆள் யாருன்னு அவ சொன்னாளா என்று கேட்டாள். ஃபர்ஸ்ட் ஏசி கேபின் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். திரிந்துபோன பாலைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் எனக்குத் தெரியாமல் ஏதாவது மனஸ்தாபமா? நீ பேசினால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவளிடம் தனியாகப் பேசு. நான் கீழே போய் நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கோ, போகிறோமா இல்லையா என்பது தெரியாமல் எதிலும் மனசு ஓடவில்லை. இசக்கிப்பாண்டி பைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். இரண்டும் வாயைத் திறந்துகொண்டு கட்டில்மேல் கிடக்கின்றன.

அந்த நாலு பேர் விஷயத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். படகுக் கம்பெனிக்கு, நான் ஓய்வுபெற்ற ரிசர்வேஷன் கிளார்க், எங்கள் படகின் பயணிகள் சார்ட்டை அனுப்பிவைக்கவும் என்று ஈமெயில் போட்டிருக்கிறேன். உன்னைத் தொந்தரவு செய்யவில்லை.

அன்புள்ள அப்பா


மாதுங்கா
ஜூலை 9

சௌபாக்கியவதி அம்முவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று எழுத்துக் கூட்டிப் படி. செல்வி என்று முதலில் எழுதிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை சார்ட் வந்தது. சுறுசுறுப்பான கம்பெனி. காபியும் கையுமாக, கவுன்டரில் படிக்கிற மாதிரியே அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். திருவேங்கடம், ஆண், அறுபத்தாறு. அகிலாண்டம், பெண், அறுபத்து மூன்று. அம்மு, பெண், முப்பத்து நாலு. முபிட்டா, ஆண், முப்பத்தாறு. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, சீட் இல்லாத குழந்தை ஒன்று, அகிலா முபிட்டா, பெண், ஏழு மாதம். இந்தக் கடைசி வரியையும் அதே குரலில்தான் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். கார்த்திகை மாசம், அப்போ மலேரியா இல்லை என்றாள். பிறகு, எம்பேரை வெச்சிருக்காளா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கோபம் வந்தது, அம்மு. பொய் சொல்ல மாட்டேன். மழையில் குடையை எடுக்காமல் ரூயா காலேஜ் வரை போய்த் திரும்பி வந்தேன். எதற்குக் கோபம் என்று எனக்கே தெளிவாகவில்லை. அவர் வேறு தேசத்துக்காரர் என்பது கொஞ்சம் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிஜிஸ்தர் ஆபீஸில் நீ கையெழுத்துப் போட்டபோது நான் இங்கே உனக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதில் கொஞ்சம். ஏழு மாதமாக ஒரு பேத்தி இருக்கிறாள், நான் அவளைக் கைக்குட்டை என்று நினைத்திருக்கிறேன் என்பதில்தான் நிறைய.

அன்று சாயங்காலம் ஃபோனில் நீ அழுதபோது நான் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முதலில் கல்யாணத்தைச் சொல்லப் பயம், அதைச் சொல்லாததால் குழந்தையைச் சொல்லப் பயம், ஆற்றங்கரைக்கு வந்துவிட்டால் யானையைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா திட்ட மாட்டார் என்று நினைத்தேன் என்றாயாம். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ராணி பாக் ஞாபகம் உனக்கு இருக்கிறதோ இல்லையோ, என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய்.

அம்மா ஏன் வரமாட்டேன் என்றாள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. நீ யாரைக் கல்யாணம் செய்துகொண்டாய் என்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். எனக்கே ஆச்சரியம். தலைப் பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள், வராவிட்டால் பெற்றவள் போவாள், இது ரெண்டும் இல்லாமல் போச்சே என்பதுதான் அவளைத் தின்றிருக்கிறது. கொடியில் துணியைப் பார்த்த அன்றே சந்தேகம். அந்த யானைப் பக்கத்தைப் படித்ததும் தாங்கவில்லை. யானையெல்லாம் சுத்தி நிக்கறது, என் பெண் தனியாக் கிடந்தாளே என்றுதான் அன்றைக்குப் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாளாம். நான் தனியாக இல்லை, முபிட்டாவின் அம்மாவும் இரண்டு அத்தைகளும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும், புடவை கட்டுவாளா, கட்டமாட்டாளா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடலாமா? பூகோளம் சொல்லிக்கொடுப்பவர் என்கிறாய், ஆற்றைப் பற்றி ஏதாவது கேட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாமா? விமான நிலையத்தில் கை கொடுப்பதா, கும்பிடுவதா? பிரேமலதாவிடம் எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது? இதற்கெல்லாம் ஒரு ஃபாரம் இருந்தால் பூர்த்தி செய்துவிடுவேன்.

ஃபாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரயில்வே ரிசர்வேஷன் ஃபாரத்தில் கீழே ஒரு கட்டம் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், டிக்கெட் தேவையில்லை, ஆனால் பெயர் எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாக விட்டுவிட்டு நீட்டுவார்கள். டிக்கெட் இல்லையே, எதுக்கு சார் எழுதணும் என்பார்கள். வண்டிக்கு ஏதாவது ஆனால் உங்கள் குழந்தை இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்று முப்பத்து நாலு வருஷம் நான் கத்தியிருக்கிறேன். என் பெண்ணே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு எனக்கு அனுப்பிவிட்டாள். யாரோ படகுக்காரர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இனிமேல் அப்படிச் செய்யாதே. நான் எதைச் சொல்லித் திட்டினாலும் திட்டிவிட்டுப் போகிறேன், நீ எழுதிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நாளைக்கு மறுபடி ஊசி போடப் போகிறோம். அம்மாவின் பை இப்போதே பதினாலு கிலோ. காய்கறிக்காரர் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அவள் புடவை ஒன்றுகூட இன்னும் உள்ளே போகவில்லை. எல்லாம் குழந்தைக்குத்தான். வசம்பு, பால் புகட்டப் பாலாடை, தூளி கட்டப் பழைய ஒன்பது கஜம், கறுப்பு வளையல், இன்னும் என்னென்னவோ. கறுப்பு கூடாது என்று போட்டிருக்கிறதே என்றேன். வளையலுக்கெல்லாம் ஈ வராது என்கிறாள். அவள் துணிமணி என் பையில் ஏறப்போகிறது. நான் கட்டின வேட்டியோடுதான் வரப்போகிறேன்.

படகில் நாலு சீட் போதும், ஐந்தாவது கேட்காதே. நீயும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள், குழந்தை நடுவில் இருக்கட்டும். நானும் மாப்பிள்ளையும் முன்னால் உட்கார்ந்து யானை பார்க்கிறோம். இந்தத் தடவை கையை விட மாட்டேன்.

உனக்கும், சிரஞ்சீவி முபிட்டாவுக்கும், குழந்தை அகிலாவுக்கும் எங்கள் இருவரின் பரிபூரண ஆசீர்வாதம். தீர்க்காயுசாக, ஒன்றாக இருங்கள்.

அப்பா
திருவேங்கடம்

அம்மு, தேங்காய் எண்ணெய் காய்ச்சி எடுத்துண்டு வரேன். அதுவரைக்கும் குழந்தை தலைக்கு அந்த ஊர் ஷாம்பூ போடாதே. - அம்மா