ராணியின் நெற்றிப் பொட்டு

2-11-2006, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மூன்று மணிக்கு இடியோடு மழை. மாடிக் கொடியில் போட்ட வேட்டி, துண்டு எல்லாம் தொப்பல். எடுக்க ஆள் இல்லை என்பது நனைந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. லலிதா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

செய்ய வேண்டியவை: வாத்தியாருக்கு ஃபோன் (9ஆம் தேதி வருஷத் திதி, ஆப்திகம்; மறுநாள் துக்கம் கழிக்கிற சுபம்). கேஸ். பிரஷர் மாத்திரை. நாகர்கோவில் அக்காவுக்கு பஸ் நேரம்.

சாலைக் கடைத்தெருவுக்குப் போய் முருகேசனைப் பார்த்தேன். பாத்திரக் கடைக்காரன், என்னைப் போலவே நாணயப் பைத்தியம். பெங்களூர் ஏஜென்ட் வழியாக அமெரிக்காவுக்கு நாணயங்கள் அனுப்புகிறான், கிரேடிங்குக்கு. எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் திருப்பித் தருவார்களாம். ராணி தலை போட்ட என் 1840 வெள்ளி ரூபாயையும் கேட்கிறான்.

“சாரே, உங்க கொண்டை ராணிக்கு நல்ல மார்க் கிட்டும். ஆனா நெத்தியில ஒரு செவப்பு இருக்குல்லா, அதை எடுத்துரணும். இல்லேன்னா மார்க்கே கெடையாது. அழுக்குன்னு எழுதி அனுப்பிருவான்.”

“தேய்க்கணுமா?”

“ஐயோ, தேய்ச்சா தீர்ந்துது! அப்பறம் அது காசே இல்லை. அசிட்டோன்ல ஊறப் போட்டு எடுக்கணும், அம்புட்டுதான். செவ்வாக்கிழமை பார்சல் போகுது, பாத்துக்கிடுங்க.”

அந்தச் சிவப்பு, லலிதா வைத்த குங்குமம். அவனிடம் சொல்லவில்லை.

3-11-2006, வெள்ளி

விளக்கை நானே ஏற்றினேன். திரி இரண்டு தடவை எண்ணெயில் விழுந்தது.

கல்யாணமான புதிதில் லலிதாவுக்குப் பெருமையாக நாணய ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். எத்தனையோ காசு இருக்க, இந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பொம்மனாட்டி முகம். வெறும் நெத்தியா இருக்காளே, பாவம்!” பூஜை அலமாரிக்குக் கொண்டுபோய், ராணியின் நெற்றியில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள்.

“அவ இங்கிலீஷ் ராணிடீ.”

“இருக்கட்டும். நம்மாத்துக்கு வந்துட்டாளோல்லியோ.”

அதன்பின் இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். நானும் சில சமயம் சிரித்திருக்கிறேன், சில சமயம் கத்தியிருக்கிறேன்.

போன வருஷம் அவளுடைய கடைசி வெள்ளிக்கிழமை கத்தின நாள். நாணயப் பத்திரிகை ஒன்றில் என்னவோ படித்துவிட்டுப் போய், “நீ தொட்டுத் தொட்டே அதை நாசம் பண்ணிட்டே. அதோட அருமை உனக்குத் தெரியுமா?” என்றேன். பொட்டை வைத்தாள், விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள், அடுக்களைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை அங்கேயே விழுந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நடுவில் சனி, ஞாயிறு என்று முழுசாக இரண்டு நாள் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னேன்.

5-11-2006, ஞாயிறு

வெயில். நேற்றே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டில் அசிட்டோன் வாங்கிவந்தேன். எந்தத் தைரியத்தில் வாங்கினேனோ. பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டுக்கொண்டு லென்ஸில் பார்த்தேன். பொட்டு நான்கு மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தேன், வரைபடப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவன் வேறு எப்படிப் பார்ப்பான்! எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து கெட்டித்துப்போயிருக்கிறது. ஓரத்தில் விரல் ரேகை. மூன்று கோடு. நாலாவது இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும்.

எடுத்துவிடலாம்: நல்ல நாணயம். வாழ்நாளில் ஒன்றுக்காவது அந்த சீல் வைத்த பெட்டி வேண்டும் என்று ஆசை. குங்குமம் நாள்பட வெள்ளியைத் தின்னும் என்கிறான் மு.

எடுக்க வேண்டாம்: ல.

பஞ்சை நனைத்தேன். நகப்பூச்சு அழிக்கிற வாசனை. பஞ்சு காய்கிற வரை கையிலேயே வைத்திருந்தேன், பிறகு பாட்டிலை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். மத்தியானம் ரசம் சாதம்.

7-11-2006, செவ்வாய்

முருகேசனிடம் சொல்லியாகிவிட்டது. அனுப்பவில்லை.

“பயப்படாதீங்க சாரே, வெள்ளிக்கு ஒண்ணும் ஆகாது. நான் எத்தனை காசு போட்டு எடுத்திருக்கேன்!”

“வெள்ளிக்கு இல்லை முருகேசா. அது என் வீட்டுக்காரி வெச்ச பொட்டு.”

அவன் தராசுத் தட்டை எடுத்துத் துடைத்தான், திரும்ப வைத்தான். “அப்போ வேண்டாம் சாரே,” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது என்று யோசனை. ஆல்ப உறையில் போட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் குங்குமம் பெயர்ந்து வந்துவிடும். கடைசியில் ல.வின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் அகப்பட்டது. காலிச் சிமிழ். காசு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மூடிப் பூஜை அலமாரியில் வைத்தேன். ஒரு வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை, இனிமேல் யார் திறக்கப்போகிறார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா வந்தாள். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படித் துரும்பா எளைச்சுட்டியேடா,” என்று அழுதாள். கொண்டுவந்தவை: நேந்திரங்காய் வறுவல், எலுமிச்சை ஊறுகாய், எனக்கு இரண்டு பனியன்.

9-11-2006, வியாழன்

ஆப்திகம் முடிந்தது. பகல் முழுக்க ஹோமப் புகை. பிண்டம் வைக்கும்போது அவள் பெயரை என் வாயால் சொல்லச் சொன்னார் வாத்தியார். பாதிப் பெயரில் நின்றுவிட்டேன். அவரே எடுத்துக் கொடுத்தார்.

கால் வீங்கியிருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா, “நாளைக்குச் சுபம். வெள்ளியெல்லாம் கறுத்துக் கெடக்கு பாரு, ஒரு வருஷமா ஆரும் தொடலை. எடுத்துக் குடு, வெடியக்காலம்பற தேச்சு வெச்சுடறேன்,” என்றாள்.

எடுத்துக் கொடுத்தவை: குத்துவிளக்கு ஜோடி, பஞ்சபாத்திரம், உத்தரணி, சந்தனக் கிண்ணம், சிமிழ்.

சீக்கிரம் படுக்க வேண்டும். நாளை பாயசத்துக்கு முந்திரி இருக்கிறதா, பார்க்க.

10-11-2006, வெள்ளி

எழுந்து வந்தபோதே அலமாரி பளபளவென்று இருந்தது. அக்கா விபூதி போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறாள். அந்தக் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளிக்கு அதுதான். முப்பத்திரண்டு வருஷம் கோடு போடத் தெரிந்ததே ஒழிய, அலமாரிச் சாமான் எப்போது தேய்ப்பார்கள் என்று நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. அதெல்லாம் ல. பார்த்துக்கொண்டாள்.

சிமிழைத் திறந்தேன். கழுவித் துடைத்து, புதுக் குங்குமம் நிரப்பி வைத்திருந்தாள். காசு தட்டில், மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில் இருந்தது. புதுத் தகரம் மாதிரி வெள்ளை.

துணி எங்கே என்று கேட்டேன். “அலசிப் போட்டுட்டேனே. ஏண்டா?”

சாம்பல்?

“துளசிக்குக் கொட்டினேன்.”

போய்ப் பார்த்தேன். ராத்திரி மழை ஈரத்தில் கறுப்பாகக் கரைந்துபோயிருந்தது. சிவப்பு எதுவும் தெரியவில்லை. விரலால் கிளறிக்கூடப் பார்த்தேன்.

அவளை என்ன சொல்ல? நான்தான் எடுத்துக் கொடுத்தேன், உள்ளே காசு இருப்பதையே மறந்து. என் கையால்.

அக்கா காசை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “காசு எப்படிக் கறுத்துக் கெடந்துது தெரியுமா! கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன். லலிதா எப்பவும் பொட்டு வைப்பாளே, மறப்பேனா. அவ வெச்ச மாதிரியே இப்பத்தான் வெச்சுண்டு வரேன், பாரு.”

“நன்னா இருக்குக்கா,” என்றேன்.

பெரிய பொட்டு. ராணியின் கன்னத்தில் வைத்திருக்கிறாள்.