அப்பாவுக்கு என்ன வேலை

தி. நகர், சென்னை-17
2-9-1973

அன்புள்ள மகன் ஜவஹருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கே சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி. பிலாயில் மழை விட்டதா, போன மாதம் வந்த இருமல் போய்விட்டதா, மறைக்காமல் எழுது. உன் தங்கச்சி பாரதியின் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய், நான்தான் மழுப்பிவிட்டேன். இன்று கடை லீவு, அம்மாவும் தங்கச்சியும் மயிலாப்பூர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆனி மாதம் நம் வெள்ளைத்துரை மாமா கொண்டுவந்த இடம். அடையாறில் சொந்த வீடு, இரும்புக் கடை, பையன் பாங்கில் வேலை, நம் ஊர்ப் பக்கத்து ஜனம்தான். ஜாதகம் பொருந்தியது, பாரதி டைப்பிஸ்ட் வேலையை விட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள்தான் மாமா வந்து, உங்களுக்கு ஜவுளிக் கடையில் பங்கு இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன், சேல்ஸ்மேன் என்றால் படியேற மாட்டார்கள், நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா, ஒரு நாள்தானே, பெண்ணுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நானும் சரி என்றுதான் இருந்தேன் ஜவஹர், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பையனின் தாயார் உள்ளே நுழைந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன தீபாவளிக்கு முன்பு கடைக்கு வந்து, மதியம் பூராவும் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டுப் பார்த்த அம்மாள். இந்தாப்பா அந்தப் பச்சை, இந்தாப்பா மேலே இருக்கிறது என்று அறுபது புடவைக்கு மேல் இறக்க வைத்தார். முந்தானை எப்படி விழும் என்று கேட்டதால் வழக்கம்போல என் தோளில் போட்டுக் காட்டினேன். அவருக்கு என் முகம் நினைவில்லை. புடவை எடுக்க வருகிறவர்கள் புடவையைத்தான் பார்ப்பார்கள், போட்டுக் காட்டுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே நம் வீட்டில் என்னை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டு, வியாபாரமெல்லாம் எப்படி, உங்கள் பங்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். நான் காபி தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். வணங்கிவிட்டு நின்ற பாரதிதான் பேசினாள்.

"எங்கப்பாவுக்குப் பங்கெல்லாம் கிடையாது அத்தை. பட்டு செக்‌ஷன்ல சேல்ஸ்மேன். இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்குறாங்க."

வெள்ளைத்துரை மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். காபியை முழுக்கக் குடித்துவிட்டு மரியாதையாகவே எழுந்து போனார்கள். பையன் வாசலில் செருப்பு மாட்டும்போது பாரதியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். பத்து நாளில் வேறு இடம் முடிந்துவிட்டதாக மாமா மூலம் தகவல் வந்தது. அம்மா நாலு நாள் பாரதியோடு பேசவில்லை. வலிய வந்ததைக் கெடுத்துக்கொண்டாயே என்று அழுதாள். பாரதி அழவில்லை. அன்றைக்கு மறைத்திருந்தால் அப்பா என்னைப் பார்க்க வருகிற ஒவ்வொரு தடவையும் மறைக்க வேண்டியிருக்கும், அப்புறம் அப்பா வருவதையே நிறுத்திவிடுவார் என்றாள்.

இது இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை அந்த அம்மாளும் அவருடைய நாத்தனாரும் முகூர்த்தப் புடவை எடுக்க நம் கடைக்கே வந்தார்கள், ஆவணிக் கடைசியில் கல்யாணமாம். பிளவுஸ் துணி பார்க்கும் மெஹபூப் அலிக்கு எல்லாம் தெரியும், பக்கத்தில் வந்து, அண்ணே நீங்க சாப்பிடப் போங்க, நான் எடுத்துக் காட்டுறேன் என்று மெதுவாகச் சொன்னார். போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் நான் எதற்கு ஒளிய வேண்டும் என்றும் இருந்தது, வாங்கம்மா என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாத்தனார், இந்தாப்பா அரக்கு எடு என்றார். அந்த அம்மாள் இந்தாப்பா என்றும் சொல்லவில்லை, அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை, விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். மேல் தட்டில் ஒரு அரக்குப் பட்டு, மயில்கண் கரை, வந்த அன்றே பாரதிக்கு என்று மனசில் வைத்திருந்தேன். அதை இறக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்டு வந்தவருக்கு இருப்பதிலே நல்லதைக் காட்டாமல் விட எனக்குக் கை வரவில்லை. இறக்கி, தோளில் போட்டு, முந்தானையை விரித்துக் காட்டினேன். நாத்தனாருக்கு உடனே பிடித்துவிட்டது. அந்த அம்மாள் புடவையைப் பார்க்கவே இல்லை. பார்சலைக் கையில் வாங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. நாலு பேருக்கு என்ன பதில் சொல்றதுன்னு வீட்டுல கேட்டாங்க."

நல்லா இருக்கட்டும்மா என்று மட்டும் சொன்னேன். கோபம் வரவில்லை. அந்த நாலு பேருக்குப் பயந்துதானே நானும் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, புடவை விஷயம் தெரிந்தால் தாங்க மாட்டாள், நீயும் எழுதிவிடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேலைக்கு மனு போட்டபோது, தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாய், ஜவுளி வியாபாரம் என்று எழுதச் சொன்னது நான்தான். நீ ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய், பிறகு எழுதினாய். அந்தப் பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது. அந்தக் காகிதத்தை இனி மாற்ற முடியுமோ என்னவோ, ஆனால் அங்கே யாராவது கேட்டால், நாளைக்கு உனக்கே பெண் கொடுக்க வந்து கேட்டாலும், உள்ளதைச் சொல். அதனால் ஒரு இடம் தட்டிப்போனால் போகட்டும், அப்பா வருத்தப்பட மாட்டேன்.

குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிவிடு, தள்ளிப்போடாதே. பாரதிக்குத் தனியாக நாலு வரி எழுது, தைரியமாக இருந்தாலும் சின்னப் பெண். நீ நோய்நொடி இல்லாமல், எங்கும் தலைகுனியாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. சுயம்புலிங்கம்
சேல்ஸ்மேன், பட்டு செக்‌ஷன்